பைரி பாய்ந்த மத்தியானம்

ஒரு பகல் முழுக்கத் தரையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வரதராஜபுரத்தில் நஞ்சப்பண்ணன் வீட்டு மொட்டை மாடியில், கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். முகத்துக்கு நேரே மாசி மாதத்து வானம். நெற்றியில் ஈரத் துண்டு. மார்பின்மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு, காதில் செருகிய பென்சில். கழுத்து வலிக்கிறதே என்று தலையைத் திருப்பினால் போதும், பக்கத்து மாடியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "நடுவரே, ஆகாசம் அங்க இல்லீங்க" என்பார்.

ஆமாம், நான் நடுவர். புறாப் பந்தயத்துக்கு நடுவர்.

இந்தத் தொடரில் இதுவரை மில் கேட்டையும் சங்கையும் பற்றியே எழுதி வந்தேன். இருபத்தைந்து வயதில் பார்க்கிறதுக்கு உங்களுக்கு வேறொன்றுமே கிடைக்கவில்லையா என்று என் மனைவி கேட்டுவிட்டாள். கிடைத்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்ததால்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன்.

வேண்டாதவன்

அறுபதுகளின் தொடக்கம் என்று ஞாபகம். எந்த வருடம் என்று அடித்துக் கேட்டால் முழிப்பேன். மில்லில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு நிமிடம் நினைவிருக்கிறது, வருடம் மறந்துவிட்டது. என் பிழைப்பு அப்படி.

அப்போது எங்கள் பக்கத்தில் மில் வேலைக்காரர்களுக்குப் புறாப் பைத்தியம். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தால் பாதிப் பேர் மாடியில்தான் இருப்பார்கள். வருடத்துக்கு ஒரு தரம் பந்தயம் வைப்பார்கள். தையல்கடைக்காரர் ஒருவர் செயலாளர், அவர் கடைதான் கமிட்டி ஆபீஸ்.

பந்தயத்தின் விதி சுலபம். காலை ஆறரைக்கு அவரவர் வீட்டு மாடியிலிருந்து புறாவைப் பறக்கவிட வேண்டும். எந்தப் புறா அதிக நேரம் வானத்திலேயே இருந்து, பொழுது சாய்வதற்குள் சொந்த மாடியில் வந்து இறங்குகிறதோ அதற்குக் கோப்பை. ஆனால் நடுவில் எங்காவது புளியமரத்தில் போய் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு வந்தால்? அதற்காகத்தான் நடுவர். ஒவ்வொரு மணி நேரத்துக்குள்ளும் ஒரு தரமாவது புறா நடுவர் கண்ணில் பட வேண்டும். பட்டால் நோட்டில் அந்த மணிக்கான கட்டத்தில் ஒரு குறி. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் புறா அவுட். வீட்டுக்காரர் பார்த்தேன் என்றால் செல்லாது, ஊரே பார்த்தது என்றாலும் செல்லாது. நடுவர் கண் ஒன்றுதான் கண்.

நடுவராக வருபவர் அந்த வீட்டுக்கு வேண்டப்பட்டவராக இருக்கக் கூடாது. இதுதான் பெரிய சிக்கல். எங்கள் ஏரியாவில் யாரைத் தொட்டாலும் மாமன் மச்சான், இல்லாவிட்டால் பங்காளி. யாருக்குமே வேண்டாத ஒரு ஆளைத் தேடினார்கள். நான் அகப்பட்டேன்.

மில் கேட்டில் உட்கார்ந்து வருகிறவர்களின் நேரம் குறிக்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? இரண்டு நிமிடம் தாமதம் என்றால் இரண்டு நிமிடம் என்றுதான் எழுதுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்குக் 'கடியாரத்தான்' என்று பெயர். பஞ்சு உதறுகிற ப்ளோரூமில் மேஸ்திரியாக இருந்த நஞ்சப்பண்ணனையே பலமுறை தாமதம் என்று எழுதியிருக்கிறேன். அவரேதான் என் பெயரைச் சொன்னாராம். அந்தத் தம்பி எனக்காகக்கூடப் பொய் எழுதலை, வேற யாருக்கு எழுதப்போறாரு என்றாராம். அதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

மயிலையும் மாடி அறையும்

நஞ்சப்பண்ணனின் புறாவுக்கு மயிலை என்று பெயர். மயிலைக் காளையின் நிறம், சாம்பலில் லேசாக நீலம். கழுத்தில் மட்டும் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னும். எட்டு மணி நேரம் பறக்கும் என்றார்கள். முந்தின இரண்டு வருடமும் இரண்டாமிடம்.

அந்த வருடம் இரண்டாமிடம் போதாது. நஞ்சப்பண்ணனுடைய ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். கீழே இருப்பது ஒன்றரை அறை. மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட நல்ல அறை ஒன்று இருந்தது, அதில் முப்பது புறாக்கள் குடியிருந்தன. நஞ்சப்பண்ணன் சம்சாரம் சரசக்கா நியாயமான மனுஷி. ஒப்பந்தம் போட்டுவிட்டார். கோப்பை வந்தால் புறாக்கள் இருக்கட்டும், மகளைக் கீழேயே எப்படியாவது ஒடுக்கிக்கொள்ளலாம். வராவிட்டால் கூண்டைக் காலி செய்து, வெள்ளையடித்து, அறையைக் கொடுத்துவிட வேண்டும். நஞ்சப்பண்ணன் சரி என்று தலையாட்டியிருந்தார். பதினைந்து வருடமாகப் புறா வளர்க்கிற மனுஷன் அவர்.

இன்னொரு விதியும் உண்டு. நடுவர் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. உப்பைத் தின்றால் கண் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்று பயம். நான் தூக்குப் போசியில் தயிர்ச்சோறு கொண்டுபோயிருந்தேன். சரசக்காவால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஒறம்பரையாக வீடு தேடி வந்த ஒருத்தர் வெயிலில் கிடக்க, வீட்டில் மோர் இருக்க, கொடுக்காமல் இருப்பதா என்று மூன்று தரம் படியேறி வந்து மூன்று தரமும் சொம்போடு திரும்பினார். நாலாவது தரம் மோர்ச் சொம்பைப் பக்கத்து வீட்டு அம்மணியிடம் கொடுத்து, அவர்கள் மாடிச் சுவர்மேல் வைக்கச் சொல்லிவிட்டார்.

"இது அவங்க ஊட்டு மோருங்க தம்பி. நீங்க குடிக்கலாம்" என்றார்.

சுவர்மேல் இருந்த மோர் யார் வீட்டு மோர் என்று விதியில் இல்லை. பெருங்காயமும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்டது. வானத்தைப் பார்த்தபடியே குடித்ததில் பாதி சட்டையில் போயிற்று.

கடியாரத்தானின் கிறுக்கு

இங்கே கொஞ்சம் விலகிப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. எதைப் பார்த்தாலும் அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். மில்லில் இருக்கிற வியாதி வெளியிலும் வந்துவிட்டது. திருச்சி ரோட்டில் சைக்கிளில் போகும்போது பக்கத்தில் ஒரு காக்காய் பறந்தால், அதனோடு போட்டி போட்டு மிதிப்பேன். எதிர்க்காற்று இருந்தால் ஜெயித்துவிடலாம். கொக்கு பார்க்கச் சோம்பேறி, ஆனால் அதை ஜெயித்ததே இல்லை. கிளிக்கூட்டம் கத்திக்கொண்டே போகும், 'என்ன சத்தம்' என்று நிமிர்வதற்குள் இரண்டு தோட்டம் தாண்டியிருக்கும்.

சிங்காநல்லூர்க் குளத்தில் மீன்கொத்தி தண்ணீரில் விழுந்து எழுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பனங்காடை கரண்டுக் கம்பியிலிருந்து கிளம்பி ஆகாசத்தில் குட்டிக்கரணம் போடும். உட்கார்ந்திருக்கும்போது அழுக்குப் பழுப்பு, இறக்கையை விரித்தால் ஐயோ, அந்த நீலம்! எதற்காக அப்படி உருள்கிறது என்று அப்போது தெரியாது. பெட்டைக்குக் காட்டுவதற்காம். பிற்பாடு படித்தேன்.

புறாவைப் பாய்ந்து அடிக்கிற வல்லூறு இனத்துப் பைரியையும் பந்தயத்துக்கு முன்னால் ஒரு தரம் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். குளிர் காலத்தில் மேற்கே மலைப் பக்கமிருந்து வந்து மில் தண்ணீர் டாங்கின்மேல் உட்காரும். முதுகு ஈரச் சிலேட்டு நிறம், கன்னத்தில் மீசை மாதிரி ஒரு கறுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். காக்காயைவிடப் பெரிதல்ல, ஆனால் அது உட்கார்ந்தால் சுற்றுவட்டாரத்தில் ஒரு காக்காய் வாய் திறக்காது. நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை செய்த பெண்கள் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலே உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் பார்க்கிறதாம்.

புறாக்காரர்களுக்கோ பைரி என்ற சொல்லே ஆகாது. அந்தப் பேரைச் சொன்னால் எச்சில் துப்புவார்கள். சாதாரண நாளில் அது தெரிந்தால் தகரத்தைத் தட்டுவார்கள், ஓலைப் பட்டாசு வெடிப்பார்கள். பந்தய நாளில் அதெல்லாம் கூடாது. கைதட்டக்கூடக் கூடாது, புறாவுக்கு ஜாடை காட்டியதாகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

இரண்டு மணிக் கட்டம்

ஒன்று முதல் இரண்டு மணி வரையிலான கட்டத்தில் மயிலைக்குக் குறி போட்டாயிற்று. கடுகளவு புள்ளியாக உச்சியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு மறைந்தது. வெயில் தார் உருகுகிற மாதிரி. நஞ்சப்பண்ணன் காலையிலிருந்து உட்காரவே இல்லை, மாடிச் சுவர் ஓரமாக நடந்துகொண்டே இருந்தார்.

இரண்டரைக்கு ஒண்டிப்புதூரிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அங்கே பறந்துகொண்டிருந்த புறாவும் இறங்கிவிட்டதாம். மற்றவை எல்லாம் முன்னாலேயே இறங்கியாயிற்று. இனி வானத்தில் இருப்பது மயிலை மட்டும்தான். மூன்று மணிக்குள் ஒரு தரம், அப்புறமும் மணிக்கொரு தரம் என் கண்ணில் பட்டு, பொழுதோடு வந்து இறங்கினால் கோப்பை இந்த வீட்டுக்கு. செய்தியைக் கேட்டதும் சரசக்கா கீழே போய் சாமி படத்துக்கு விளக்கேற்றினாராம். எது நடக்க வேண்டும் என்று ஏற்றினார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மேற்கே மில் கூரையில் அடைந்திருந்த மாடப்புறாக்கள் திடீரென்று எல்லாமாகச் சேர்ந்து எழும்பின. படபடவென்று ஒரே சத்தம். பைரி வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து மேற்கே பார்த்தேன்.

புகைக்கூண்டுக்கும் மேலே, ரொம்ப மேலே, ஒரு புள்ளி. இறக்கையை நாலைந்து தரம் வேகமாக அடித்தது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தலைகீழாகத் திரும்பியது.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து நஞ்சப்பண்ணன் குரல் கேட்டது.

"தம்பி, மயிலை! கெழக்கால பாருங்க, கெழக்கால!"

கேட்டது. நன்றாகவே காதில் விழுந்தது. கிழக்கே திரும்ப வேண்டும் என்றும் தெரியும். நான் திரும்பவில்லை.

மில்லில் நூல் முறுக்குகிற ஸ்பிண்டில் முழு வேகத்தில் ஓடும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நிற்பது போலவே இருக்கும். பைரி விழுந்ததும் முதலில் அப்படித்தான் இருந்தது. புள்ளி நகரவே இல்லை, பெரிதாகிக்கொண்டு மட்டும் வந்தது. அடுத்த கணம் அது இருந்த இடத்தில் இல்லை. ஜவுளிக் கடையில் புதுத் துணியைக் கிழிப்பார்களே, அந்தச் சத்தம் காற்றில் கேட்டது. பறவை ஒன்று காற்றைக் கிழிக்கிற சத்தம் தரையில் இருப்பவனுக்குக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கூட்டத்தின் வழியாக ஊடுருவி, அடியில் போய், அதே வேகத்தில் வளைந்து மேலேறியது. ஒரு மாடப்புறா மட்டும் பறப்பதை நிறுத்திவிட்டது. அது இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி இறகு, ப்ளோரூமில் பஞ்சு மிதக்கிற மாதிரி மிதந்தது. செத்த புறா கூரையில் விழுவதற்குள் பைரி திரும்பி வந்து, மல்லாந்தாற்போல் காலை நீட்டி, அதை அந்தரத்திலேயே வாங்கிக்கொண்டது. பிறகு சாவகாசமாக மலையைப் பார்த்துப் போய்விட்டது.

எத்தனை செகண்டு ஆயிற்று என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தெரியாது. காக்காய்க்கும் கொக்குக்கும் கடிகாரம் பார்த்தவன் அன்றைக்குக் கையைத் திருப்பவே இல்லை. வாய் பிளந்திருந்தது என்பது மட்டும் தெரியும், மோர் ஏப்பத்தோடு பெருங்காய வாசனை வந்தது.

திரும்பிக் கிழக்கே பார்த்தேன். வெறும் வானம்.

"எங்கங்கண்ணா?"

"இத்தன நேரம் அங்கயேதானுங்க இருந்துச்சு" என்றார் நஞ்சப்பண்ணன். பைரியின் பாய்ச்சலில் மிரண்டு உச்சிக்குப் போய்விட்டிருக்கும். கண்ணீர் வழிய வழியத் தேடினேன். மில் சங்கு ஊதியது. மூன்று மணி.

நோட்டு

நாலே முக்காலுக்கு மயிலை வந்து இறங்கியது. அப்படியொரு அழகான இறக்கம். ஒரு இறகுகூடக் குறையவில்லை. மாடியெல்லாம் விசில் சத்தம். கமிட்டிச் செயலாளர் ஆட்களோடு மேலே வந்து நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்த அவருடைய விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

இரண்டிலிருந்து மூன்று. காலி.

குறி போட மறந்திருப்பார் என்றார் ஒருவர். நாங்களெல்லாம் பார்த்தோமே என்றார்கள் பக்கத்து மாடிக்காரர்கள். உண்மைதான், அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நஞ்சப்பண்ணனும் பார்த்திருக்கிறார். மயிலை அங்கே இருந்தது என்பதில் எனக்கே சந்தேகம் இல்லை. பென்சில் என் காதில் இருந்தது. ஒரு கோடு கிழித்தால் போதும். படிக்கட்டில் சரசக்கா நின்றிருந்தார். என்னுடைய ஒரு வார்த்தையில் மாடி அறை அவருக்குக் கிடைத்துவிடும். ஆனால் அவர் சொன்னது இது:

"தம்பி, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க."

செயலாளர் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா, இல்லீங்களா?"

"பாக்கலைங்க."

"அப்பறம் எங்கீங்க பாத்துட்டு இருந்தீங்க?"

"பைரியைங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நஞ்சப்பண்ணன் மயிலையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கூண்டு அறைக்குள் போனார். நான் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நேர்மையாக இருந்துவிட்டோம் என்ற திருப்தி வந்ததா என்றால், இல்லை. கண்ணை ஒரு தரம் திருப்பியிருந்தால் நேர்மைக்கு வேலையே இருந்திருக்காது. தப்பைச் செய்துவிட்டு உண்மையைச் சொன்னதில் என்ன பெருமை?

அதற்கப்புறம்

ஒரு வாரத்தில் கூண்டு காலியாயிற்று. நஞ்சப்பண்ணன் வாக்குத் தவறுகிறவர் இல்லை. புறாக்களைப் பல்லடத்தில் ஒரு சிநேகிதருக்குக் கொடுத்துவிட்டார் என்று கேட் வாசலில் பேசிக்கொண்டார்கள். மயிலை மட்டும் இரண்டு தரம் திரும்பி வந்ததாம், இரண்டு தரமும் அவரே பஸ்ஸில் கொண்டுபோய் விட்டாராம். மகள் வந்து மாடி அறையில் இருந்தாள். மில்லில் என்னோடு ஏற்கெனவே பேசாதவர்கள் இப்போது இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தார்கள். நஞ்சப்பண்ணன் கேட்டைத் தாண்டும்போது என் பக்கம் திரும்புவதில்லை. சரியாக நேரத்துக்கு வந்தார், சரியாகப் போனார்.

பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. அவர்தான். உள்ளே வந்து, எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். வைது தீர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வைதால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"தம்பி, அன்னைக்கு நான் கெழக்கதான் பாத்துட்டு இருந்தேனுங்க. மயிலையவேதான் பாத்தேன். சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு" என்றார். "பதனஞ்சு வருசமா அத வெரட்டிட்டே இருந்திருக்கேன். ஒருக்கா கூட அது பாயறத முழுசாப் பாத்ததில்லீங்க. என்ற கூண்டக் குடுத்துத்தான நீங்க அதப் பாத்தீங்க? எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லோணுமில்லீங்க?"

சொன்னேன். புகைக்கூண்டுக்கு மேலே புள்ளியாக நின்றதிலிருந்து ஆரம்பித்தேன். கையை இறக்கையாக மடித்துக் காட்டினேன். அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எந்தப் பக்கம் சாய்ந்தது, காலால் அடித்ததா மார்பால் அடித்ததா, திரும்பி வந்து வாங்கும்போது தலை எந்தப் பக்கம் இருந்தது. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். முடித்ததும், "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். மறுபடியும் சொன்னேன். இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு, மோவாயை லேசாக மேலே தூக்கியபடி கேட்டார். மூன்றாவது தரம் சொல்லும்போது என் கையோடு சேர்ந்து அவர் கையும் அசைந்தது.

அன்று சாயங்காலம் மில்லுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள், நடுவில் நஞ்சப்பண்ணன். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கை தலைக்குமேலே. பைரி அவர் உள்ளங்கையில் சாய்ந்துகொண்டிருந்தது. துணி கிழிகிற சத்தத்தை என்னைவிட நன்றாக வாயால் போட்டார். இறகு மிதந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் டீயைக் குடிக்க மறந்துவிட்டான்.

"நான் இந்தக் கண்ணாலயே பாத்தேனுங்க" என்று முடித்தார்.

பின்னால் நின்ற என்னை அப்போதுதான் யாரோ கவனித்தார்கள். ரிங் ஸ்பின்னிங்கில் வேலை செய்கிற ஒருவர், நம்பாதவர், என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நீங்கதான அன்னைக்கு நடுவரு? இவரு மெய்யாலுமே பாத்தாருங்களா?"

கடையே என்னைப் பார்த்தது. நஞ்சப்பண்ணன் தூக்கிய கையை இறக்காமல் என்னைப் பார்த்தார்.

"பாத்தாருங்க" என்றேன்.